கரடி நாட்டில் ஆடி அமாவாசை

என் தேங்காய் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான் என் தம்பி செந்தில். பார்த்துவிட்டு அதை ஒரு கறுப்பு உருளைக்குள் போட்டான். பற்பசை, முகப்பவுடர், மாங்காய் ஊறுகாய், அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுப் பொட்டலம் எல்லாம் அதற்குள் போயின. அந்த உருளையைக் கரடியால் திறக்க முடியாதாம். நாய்போல அவன் எங்கள் பைகளை மோந்துகொண்டே வந்தான்.

"மணக்கிற எதுவும் கூடாரத்துக்குள்ள இருக்கக் கூடாதுக்கா. கரடிக்கு மூக்குதான் எல்லாம்."

"அப்ப உங்க மச்சான எங்கடா படுக்க வைக்கிறது?"

என் கணவர் ராஜாங்கத்துக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை. மல்லிகை வாசனை குளித்தாலும் அவரை விட்டுப் போகாது. அவர் தன் சட்டைக் கையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டார். "மாப்ள, நானும் அந்த டப்பாக்குள்ளயே படுத்துக்கிறேன். காலுதான் வெளிய நீட்டும்" என்றார்.

பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நானும் அவரும் திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து கனடாவின் வடமேற்கு மூலையான யூக்கானுக்கு வந்திருந்தோம். செந்தில் அங்கே பல வருடங்களாக இருக்கிறான். அவன் மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே மலைக்குக் கிளம்பியது நான்கு பேர்: நாங்கள் இருவர், செந்தில், பத்து வயதைத் தாண்டிய அவன் மகள் கயல். கிரிஸ்லி கரடி திரியும் அந்தப் பள்ளத்தாக்கில் நான்கு பேருக்குக் குறைவாக நடக்க விடுவதில்லை. நாலு பேர் சேர்ந்து வந்தால் கரடி பெரும்பாலும் ஒதுங்கிவிடுமாம்.

நெத்திலிக் கருவாட்டுக்கு மட்டும் உருளையிலும் இடம் கிடைக்கவில்லை. அது செந்தில் வீட்டு ஃப்ரிட்ஜில் தங்கிவிட்டது.

கிளம்பும் முன் அம்மா சேவுகம்பட்டியிலிருந்து பேசினாள்.

"அமாவாசைக்கு எங்க இருப்பீக?"

"மலையில இருப்போம்மா" என்றேன்.

"காக்கா இருக்குமா அங்க?"

கயல் போனுக்குள் எட்டிப் பார்த்தாள். "இருக்கு அப்பத்தா. பெரிய காக்கா. கோழி சைஸ்."

"ஆத்தீ" என்றாள் அம்மா. பிறகு, "செந்திலு, அப்பாவுக்குத் தலைவருசம்ப்பா. மறந்துறாத" என்றாள். அவன் பையின் வாரை இறுக்கிக்கொண்டே "சரிம்மா" என்றான். வார் ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அப்பா இறந்தபோது செந்திலால் வர முடியவில்லை. நிரந்தரக் குடியிருப்புக் காகிதங்களைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாத நேரம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். கருமாதி அன்று கண்மாய்க் கரையில் வாழை இலையில் சோறு வைத்துக் காத்திருந்தோம். காகம் ஒன்று வந்தது. தென்னை மட்டையில் உட்கார்ந்து சோற்றைப் பார்த்தது. இறங்கவில்லை. வெயில் ஏறியது. சொந்தக்காரர் ஒருவர், "மகன் கையால வெச்சாத்தான் எடுப்பாரு போல. அது ஏழு கடலு தாண்டியில்ல கெடக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கடைசியில் சோற்றைத் தண்ணீரில் கரைத்தோம். இதையெல்லாம் செந்தில் அங்கிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் கணவர். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் போனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனால் போனுக்கு அதற்குள் கேட்டிருந்தது.

சரளைக் கற்கள் போட்ட சாலையில் போகும்போது டயர் வெடித்தது. மாற்று டயரைப் பிடித்திருந்த திருகு துருப்பிடித்து அசையவில்லை. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு மேலே பனி படிந்த முகடுகள். ஒரு சத்தம் இல்லை. வத்தலக்குண்டு சாலையில் வண்டி நின்றால் முதலில் யோசனை சொல்ல ஆள் வரும், பிறகு டீ வரும், கடைசியில் மெக்கானிக் வருவார். இங்கே வெகுநேரம் கழித்து ஒரு லாரிதான் வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு கிழட்டு நாய். அவள் ஒன்றும் கேட்காமல் இறங்கி, ஓர் இரும்புக் குழாயை ஸ்பேனரின் பிடியில் மாட்டி, அதன்மேல் ஏறி நின்றாள். திருகு அசைந்தது.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கையைத் துடைத்தபடி கேட்டாள்.

"இந்தியாவின் தெற்கு. அங்கே இப்போது நல்ல வெயில்" என்றான் செந்தில்.

"இங்கேயும் வெயில்தான்" என்றாள் அவள். நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மலையேறுவதற்கு முன் வனக் காவலரைப் பார்த்து விதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காவலர் சடை பின்னிய இளம்பெண். கரடி வந்தால் ஓடக்கூடாது, கத்திக் கலவரப்படுத்தக் கூடாது, பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும் என்று ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். உணவு பற்றிப் பேசத் தொடங்கியதும் குரல் மாறியது.

"ஒரு பருக்கைகூட மலையில் விடாதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி தெரிந்த கரடி மறுபடி மனிதரைத் தேடி வரும். அப்புறம் அதைச் சுடுவதைத் தவிர வழியில்லை. போன கோடையில் நான் ஒன்றைச் சுட்டேன். யாரோ விட்டுப்போன ரொட்டி. கரடிக்கு இரண்டு வயது."

செந்தில் எங்களுக்கு மொழிபெயர்த்தான். கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்ததும் ராஜாங்கம், "கன்னிவாடிப் பக்கம் யானை வந்தா நாம வெடி போட்டு அத வெரட்டுறோம். இங்க அதுக்குப் பயந்து நாம அடங்கி ஒடுங்கி நடக்கணும்போல" என்றார்.

"அதோட வீட்டுக்குல்ல போறோம் மச்சான்" என்றான் செந்தில்.

நடை தொடங்கியது. முதல் நாள் முழுவதும் மரங்களுக்குள்ளேயே போனோம். தரையெல்லாம் பாசி. கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கி, எடுத்ததும் மெல்ல எழுந்துகொண்டது. எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. வளைவுகளில் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நம்மைக் கண்டு கரடி திடுக்கிடக் கூடாது. செந்தில் சின்னக் குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தான். ராஜாங்கம் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"மல்லீ... மல்லி மல்லி மல்லி! முல்லை வந்திருக்கு, பிச்சி வந்திருக்கு, கேட்டுக்க கரடியாரே, கேட்டுக்க!"

இது அவருடைய ஏலக் குரல். விடியற்காலைச் சந்தடியில் கடைசி வரிசை வியாபாரிக்கும் கேட்கும் குரல். பள்ளத்தாக்கு அதை வாங்கி, எதிர்மலையில் வைத்து, கொஞ்சம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தது. எதிர்மலையிலும் யாரோ பூ விற்பது போலிருந்தது.

கயலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாமா, கரடி பூ வைக்குமா?"

"அதுக்குத்தான் அம்புட்டு முடி இருக்கே ஆத்தா."

மதியம் ஒரு ஏரிக் கரையில் உட்கார்ந்தோம். தண்ணீருக்கு நடுவே மரத்தின் வேர்க்கட்டை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கட்டை நிமிர்ந்தது. மூஸ் என்ற பெரிய மான். கொம்பிலிருந்து நீர்ச்செடிகள் தொங்க, வாயிலிருந்து தண்ணீர் ஒழுக எங்களைப் பார்த்தது. நம் ஊர் உழவு மாட்டின்மேல் இன்னொரு மாட்டின் பாதியை வைத்தால் அந்த உயரம் வரும். பார்த்து முடித்ததும் தலையை மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. அது மூச்சுப் பிடித்த நேரமெல்லாம் நாங்களும் பிடித்திருந்தோம் என்பது அது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மரங்கள் நின்றுபோயின. அதற்கு மேல் புல், கல், காற்று மட்டும். பாறை மறைவில் யாரோ விசில் அடித்தார்கள். நீளமான, சுத்தமான விசில். ராஜாங்கம் அனிச்சையாக, "போலாம் ரைட்" என்றார். பாறைமேல் நின்று விசிலடித்தது பூனையளவில் ஒரு கொழுத்த பிராணி. மலை அணில் வகை என்றான் செந்தில். எங்கள் வருகையை அது அடுத்த பாறைக்குச் சொல்ல, அந்தப் பாறை அதற்கடுத்த பாறைக்குச் சொன்னது. நாங்கள் போய்ச் சேரும் முன்பே செய்தி கணவாயைக் கடந்திருந்தது.

பிற்பகலில் மேகம் இறங்கியது. எதிரில் நடந்த கயலின் சிவப்புத் தொப்பி முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு காணாமல் போனது. எல்லோரும் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்த குழந்தையின் கன்னம் வழித்து நெட்டி முறிப்பார்களே, அதே சத்தம். ஒன்று, பிறகு பல, பிறகு எண்ண முடியாதவை. வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிற உருவங்கள் வந்தன. கரிபூ மான்கள். நடக்கும்போது அவற்றின் கால் நரம்பு எலும்பில் உரசி நெட்டிச் சத்தம் வருமாம். எங்களுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து, யாரையும் தொடாமல் நடந்து போயின. குளிரில் அவற்றின் மூச்சு எங்கள் முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. மந்தை கடந்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் இருந்தது.

"நமக்குத் திருஷ்டி கழிச்சுட்டுப் போகுதுக" என்றார் ராஜாங்கம். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

அடுத்த நாள் ஆடி அமாவாசை. இருட்டு வருவதற்குள் வெளுத்துவிடும் அந்த வானத்தில் நிலா இருக்கிறதா இல்லையா என்று பார்த்து உறுதி செய்ய வழியில்லை. காலையில் கஞ்சி காய்ச்சினேன். செந்தில் வாங்கவில்லை.

"வயிறு சரியில்லக்கா. நடந்தா சரியாயிரும்."

அவன் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். வயிறு சரியில்லாதவன் நடக்கும் வேகமல்ல அது. அமாவாசை விரதக்காரர் காக்கைக்கு வைக்காமல் சாப்பிட முடியாது. காக்கைக்கு வைக்க இந்த மலையில் அனுமதி இல்லை. ஆகவே அவன் சாப்பிடாமலே இருக்க முடிவு செய்திருந்தான். ராஜாங்கம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நடுப்பகலில் கணவாயின் உச்சியில் அடுப்பு மூட்டினோம். சீரகச் சம்பா வேகும் மணம் எழுந்ததும் வெகுதூரத்துப் பாறையில் ஒரு அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. கயல் சொன்னது பொய்யல்ல. கோழியை விடப் பெரியது. அது கரையவில்லை. காலிக் குடத்தை விரலால் தட்டுவது போல ஒரு குரல் கொடுத்தது. செந்தில் அதைப் பார்த்தான். பிறகு திரும்பி, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குப்பிகளோடு ஓடைக்கு இறங்கினான்.

அப்பா சாப்பிடும் விதம் எனக்கு நினைவு வந்தது. கடைசியில் தட்டில் ஒரு கவளம் மிச்சம் வைப்பார். அதை நன்றாகப் பிசைந்து உருட்டி, பக்கத்தில் காத்திருக்கும் செந்திலின் கையில் வைப்பார். தினமும் அப்படித்தான். நான் பாத்திரம் எடுக்க நின்றுகொண்டிருப்பேன்.

சாப்பிட்டு, பருக்கைகளைப் பொறுக்கி, பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரையும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அதுதான் இங்கே முறை. மரங்கள் மறுபடி தொடங்கும் இடத்துக்கு வந்தபோது ராஜாங்கம் செந்திலின் தோளில் கை வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாப்ள, இப்ப சாப்பிடு. வெச்சாச்சு."

"என்னத்த வெச்சாச்சு?"

"உனக்காகத்தான். நீ தண்ணிக்குப் போனப்ப. உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. நெய் விட்டு, எள்ளு தூவி, மேல இருக்க தட்டப் பாறையில. அத்த கிளம்பும்போது எள்ளுப் பொட்டலத்த எங்கிட்டத்தான் குடுத்துவிட்டாக. மகன் வைக்கலேன்னா மருமகன் வெச்சாலும் ஒண்ணுதான்."

செந்தில் பையைக் கீழே வைத்தான். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டான்.

"திரும்பணும்."

"ஏலே, ஒரு உருண்டைச் சோறுடா!"

"அந்தப் பொண்ணு சொன்னது கேட்டீங்களா இல்லையா மச்சான்? கரடி அதத் தின்னா அதச் சுடுவாங்க. அப்பா பேரச் சொல்லி ஒரு உசுரு போகணுமா?"

ராஜாங்கத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்று, உள்ளே இருந்தவர் மட்டும் போய்விட்டார். "காக்காதான் இருந்துச்சு மாப்ள. வேற ஒண்ணையும் காணலியே" என்றார். தனியாகப் போக விதி விடாது. நான்கு பேரும் வந்த வழியே ஏறினோம்.

கடைசி ஏற்றத்தில் கயல் என் கையைப் பிடித்து இழுத்தாள். எங்களுக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில், பழுப்பு நிறத்தில் ஒரு பாறை பெர்ரிச் செடிகளை மேய்ந்துகொண்டிருந்தது. முதுகில் மேடு. வெயில் பட்டதும் ரோமத்தின் நுனிகள் வெள்ளியாயின. காற்று தட்டைப் பாறையிலிருந்து நேரே அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரடி மேய்வதை நிறுத்தியது. பின்னங்காலில் எழுந்து நின்று, மூக்கை உயர்த்தி, காற்றைப் படித்தது.

கரடி நெருங்கினால் பீய்ச்சி விரட்டும் மிளகாய் மருந்துக் குப்பியைச் செந்தில் கையில் எடுத்துக்கொண்டான். "நின்னு பேசுங்க மச்சான். சத்தமா. ஆனா சாதாரணமா."

ராஜாங்கம் ஒருமுறை இருமினார். பிறகு, "மல்லி" என்றார். பக்கத்தில் நின்ற எங்களுக்கே பாதிதான் கேட்டது. "மல்லி வந்திருக்கு, முல்லை வந்திருக்கு..." குரல் ஏறியது. மார்க்கெட்டுக் குரலாகவே ஆனது. "சோறு எங்களுது சாமி, பழம் உன்னுது. அங்கிட்டே இரு, அங்கிட்டே இரு!" எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. கரடி எங்கள் பக்கமும் எதிர்மலைப் பக்கமும் தலையைத் திருப்பியது. அங்கேயும் ஆள் இருப்பதாக நினைத்ததோ என்னவோ. நான்கு காலில் இறங்கி, அவசரமில்லாமல், செடிகளை விலக்கிக்கொண்டு ஓடையின் வளைவுக்கு அப்பால் போய்விட்டது. செடிகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன.

தட்டைப் பாறையில் சோறு இருந்தது. செந்தில் குனிந்து பார்த்தவன் தொடாமல் அப்படியே நின்றான். உருண்டையின் உச்சியில் ஒரு குழி.

"நான் வழவழன்னு உருட்டித்தான் வெச்சேன்" என்றார் ராஜாங்கம்.

விசிலடிக்கும் பிராணியாக இருக்கலாம். தரை அணில்கள் அங்கே நிறைய. காற்றுக்குச் சோறு உதிர்ந்தும் இருக்கலாம். அண்டங்காக்கை இருந்த பாறையைப் பார்த்தேன். அங்கே அது இல்லை.

செந்தில் முழங்காலிட்டான். உருண்டையை இடது உள்ளங்கையில் எடுத்துக்கொண்டான். சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பாறையின் கீறல்களில் கிடந்த எள்ளை எச்சில் தொட்ட விரலால் ஒற்றி எடுத்தான். பாறை சுத்தமானது. உள்ளங்கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து அதுதான் அவன் முதல் சாப்பாடு. மெதுவாக மென்றான். கடைசியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, நன்றாகப் பிசைந்து உருட்டினான்.

"இந்தாக்கா" என்றான்.

கை நீட்டி வாங்கிக்கொண்டேன். சோறு ஆறியிருந்தது. நெய் உறைந்து, எள் பல்லில் கடிபட்டது.

"எனக்கு?" என்றாள் கயல்.

"ஒனக்கு மாமா பிரியாணி வாங்கித் தாரேன் ஆத்தா, ஊருக்கு வா" என்றார் ராஜாங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டே செந்திலைப் பார்த்தார். "மாப்ள, அடிக்கிறதுன்னா அடிச்சுரு. பேசாம மட்டும் இருக்காத."

"கரடி கிட்டயே ஏலம் விட்டீங்க. ஒங்கள யாரு மச்சான் அடிக்கிறது?" என்றான் செந்தில்.

சாலைக்கு வந்து சேர்ந்ததும் போன்களுக்கு உயிர் வந்தது. அம்மாதான் முதலில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"அமாவாசைக்கு வெச்சியாப்பா?"

"வெச்சோம்மா."

"காக்கா எடுத்துச்சா?"

செந்தில் எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"எடுத்துச்சும்மா" என்றான். "பெரிய காக்கா."

போனில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அங்க வரைக்கும் வந்திருக்காரு பாரேன்" என்றாள்.

பத்திரிகையில் வேலை பார்த்த காலம் முழுவதும், கண்ணால் பார்த்தவர் இல்லாத செய்தியை நான் அடித்துத் திருத்தாமல் விட்டதில்லை. காக்கை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. போன் என் பக்கம்தான் நீட்டியபடி இருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.